தண்ணிப் பம்ப்: புது 6203 பேரிங் பாதியில நிக்குது, அடிச்சு இறக்கினா உறுமுது

களுதாவளைத் தோட்டம்:
வணக்கம் அண்ணன்மாரே. மிளகாய்க்கு இறைக்கிற 1 எச்பி கிணத்துப் பம்ப். இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) பக்கம் 6203 நம்பர் பேரிங், காத்தாடிப் பக்கம் 6202. இம்பெல்லர் பக்கத்துப் பேரிங் துருப்பிடிச்சு இறுகிட்டு. புதுசை வைஸில வச்சு அமத்தினா, சாப்டின் தோளுக்கு (பேரிங் போய் முட்டவேண்டிய படிக்கு) 3 மில்லிமீற்றர் இருக்கக்குள்ள நிக்குது. பிறகு வெளி விளிம்பில சுத்திவரத் தட்டித் தட்டி இறக்கினன். இப்ப கையால சுத்தினாலே கரகரக்குது, ஓடவிட்டா உறுமுது. பேரிங் போலியா, சாப்ட் பிழையா?

கல்முனை லேத்:
தம்பி, வெளி விளிம்பில தட்டினதுதான் பிழை. சாப்டில இறுக்கமா ஏறுறது உள்வளையம். வெளிவளையத்தில அடிச்சா அந்த அடி முழுக்கக் குண்டுகளுக்கூடாகத்தான் உள்ளுக்குப் போகும். குண்டு ஓடுற தடத்தில சின்னச் சின்னக் குழி விழும். குண்டுகள் அந்தக் குழிகளைத் தாண்டுற சத்தம்தான் உறுமல். கிறீஸ் அடிச்சு அது மாறாது. அந்தப் பேரிங்கை இனிப் பாவிக்க வேணாம்.

3 மில்லிமீற்றரில நின்றதுக்குக் காரணம் சாப்டில இருக்கும். பேரிங்கைப் புல்லரால (இழுத்துக் கழட்டுற கருவி) கழட்டிட்டு, சாப்டைத் துடைச்சு நகத்தால வழிச்சுப் பாருங்க. துரு மேடோ, பிசிறோ, பழைய பஞ்ச் (கூரான உளியால குத்தின) அடையாளமோ நகத்தில தட்டும். மைக்ரோமீற்றரால மூணு இடத்தில அளவுங்க. 6203இன் துளை 17 மில்லிமீற்றர், அதால சாப்ட் 17.00இலிருந்து 17.01 வரைக்கும் இருந்தா சரி. ஒரு இடத்தில மட்டும் 17.03 காட்டினா அங்கதான் பிடிக்குது. வேர்ணியரை நம்பாதீங்க, இவ்வளவு சின்ன வித்தியாசம் அதில பிடிபடாது. மேட்டை மட்டும் 400 நம்பர் எமரித் தாளால எடுங்க. முழு இடத்தையும் தேச்சீங்களெண்டா சாப்ட் லூசாகி, உள்வளையம் அதுக்கு மேலேயே சுத்தத் தொடங்கும்.

ஏத்துற முறை: புதுப் பேரிங்கை ரெண்டு பொலித்தீன் பையில போட்டு, தண்ணி போகாம இறுக்கிக் கட்டி, சின்னக் குமிழி மட்டும் வாற சுடுதண்ணியில 10 நிமிசம் வைங்க. 80 பாகைக்கு மேல வேணாம், றப்பர் மூடியும் கிறீஸும் பழுதாகும். சாப்ட் 30 பாகையில இருந்தா பேரிங்கின் துளை 0.01 மில்லிமீற்றர் விரியும். கேக்கச் சின்னதா இருக்கும், ஆனா இந்த வேலைக்கு அதுவே போதும். சாப்டில ஒரு சொட்டு எண்ணெய் பூசி, துணியால பிடிச்சு ஒரே மூச்சில தள்ளுங்க. சரிஞ்சு பிடிச்சா மேல அமத்தாம கழட்டித் திரும்ப நேரா வைங்க. தோளில முட்டினதும் சூடு ஆறும்வரை அமத்திப் பிடிங்க, இல்லாட்டிக் கொஞ்சம் பின்னுக்கு வந்திரும்.

கடைசியில தட்டவேண்டி வந்தா பழைய 6203இன் உள்வளையத்தையே இடையில வச்சுத் தட்டுற வளையமாப் பாவிக்கலாம். கிரைண்டரால ஒரு பக்கம் கீறி விட்டீங்களெண்டா சாப்டில லேசாப் போய் வரும். புது உள்வளையத்துக்கு மேல அதை வச்சு, அதுக்கு மேல பைப் வச்சுத் தட்டுங்க. கீறக்குள்ள கண்ணாடி கட்டாயம், பேரிங் இரும்பு தெறிக்கும்.

காத்தான்குடி வைண்டிங்:
லேத் நானா சொன்னது சரி. ஆனா துருப்பிடிச்சது இம்பெல்லர் பக்கத்துப் பேரிங். அப்ப தண்ணி சீலால (சாப்டைச் சுத்தித் தண்ணியைத் தடுக்கிறது) வந்திருக்கு. சீலை மாத்தாமப் பேரிங்கை மட்டும் மாத்தினா அடுத்ததும் இதே மாதிரித்தான் போகும்.

புது மெக்கானிக்கல் சீல் போடக்குள்ள, வெள்ளைச் செராமிக் வளையத்தின் மினுங்குற பக்கம் இம்பெல்லரைப் பார்க்கவேணும். அந்த முகத்திலயும் கறுப்புக் காபன் முகத்திலயும் விரல் படக்கூடாது. பட்டா ஸ்பிரிட்டால துடைங்க. றப்பருக்குச் சவர்க்காரத் தண்ணி மட்டும் பூசுங்க. கிறீஸ் பூசினா றப்பர் சாப்டைப் பிடிக்காம வழுக்கும். செராமிக்கை மட்டையை இடையில வச்சு, பிவிசி துண்டால நேரா அமத்துங்க. சரிஞ்சு இருந்தா முதல் நாளே ஒழுகும். சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில சாப்டில ஒரு றப்பர் வட்டு இருக்கும், ஒழுகுற தண்ணியை வீசி எறியிறது அதுதான். கழட்டக்குள்ள தொலைஞ்சா புதுசு வாங்கிப் போடுங்க.

இன்னொண்டு, காத்தாடிப் பக்கக் கவருக்குள்ள அலையலையா வளைஞ்ச வாசர் ஒண்டு இருக்கும். அதை விட்டா சாப்ட் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிச் சத்தம் போடும். நீளப் போல்ட் நாலையும் குறுக்கும் மறுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. இறுக்கினதும் சாப்ட் இறுகினா, போல்ட்டைத் தளர்த்திக் கவரை மரச் சுத்தியலால தட்டுங்க. இலேசாச் சுத்தினா கவர் சரிஞ்சிருந்திருக்கு, பேரிங்கில பிழையில்ல. பூட்டிக் கையால சுத்திப் பார்க்கும்வரை பிளக்கை மாட்டாதீங்க.

களுதாவளைத் தோட்டம்:
கழட்டிப் பார்த்தன். பேரிங் இருக்கிற இடத்தில சுத்திவரப் பஞ்ச் குத்தியிருக்கு, 3 மில்லிமீற்றர் சரியா அங்கதான். மேட்டை எடுத்தா இப்ப 16.97 காட்டுது. வட்டு இல்லவே இல்ல.

கல்முனை லேத்:
முந்தி லூசாகினதுக்குத்தான் ஆரோ பஞ்ச் குத்தியிருக்காங்க. அந்த மேடுகளின் நுனி மட்டும்தான் வளையத்தைப் பிடிக்கும், ஓட ஓட அது நசுங்கித் திரும்ப லூசாகும். 0.03 இடைவெளிக்கு லொக்டைட் 641 (பேரிங்கைச் சாப்டோட ஒட்டிப் பிடிக்கிற பசை) போதும். சாப்டையும் துளையையும் அசிட்டோனால எண்ணெய் இல்லாமத் துடைச்சு, சாப்டில மட்டும் மெல்லிசா ஒரு வளையம் பூசிப் பேரிங்கை ஏத்துங்க. இப்பிடிச் செய்யக்குள்ள சூடாக்க வேணாம், எண்ணெயும் பூசவேணாம். மூடிக்குள்ள போகாமப் பார்த்து, ஒரு நாள் அசைக்காம வைங்க. 16.90க்குக் கீழ போயிருந்தா பசையில நிக்காது. சாப்டை உலோகம் நிரப்பி 17.01க்குக் கடையவேண்டியதுதான்.