பஞ்சோட மைக் (மைக்ரோனேர், காத்தை விட்டு இழை மெலிசா தடிப்பான்னு கணிக்கிற எண்) சரியா இருந்தும் நூல் கைவிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

ஸ்பின்னிங் மில் லேப்ல பல வருஷமா இருக்கேன். ஒரு லாட் பஞ்சு வந்துச்சு, மைக் 3.6, நீளம் 29 மில்லிமீட்டர், கேட்ட மாதிரியேதான் இருக்குன்னு 40 கவுண்ட் நூலுக்குப் (கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெலிசு) போட்டோம். பஞ்சைச் சீவுற கார்டிங்ல நெப்ஸ், அதாவது இழை சிக்குன சின்ன முடிச்சு, ஏறிக்கிட்டே போகுது, செட்டிங் மாத்துனோம், ஒயர் மாத்துனோம், இறங்கவே இல்ல. நூல் டையிங் போய் துணியா வந்தப்ப அடர் நீலத்துல உப்பு தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி. அப்புறம்தான் மெச்சூரிட்டி பாத்தோம், நிறைய இழை முத்தவே இல்ல. விசாரிச்சா அது கடைசிப் பறிப்பு, காய் பிடிச்சப்புறம் குளிர் வந்துடுச்சாம்.

பூ மலர்ந்து மூணு வாரம் போல இழை நீளமா வளரும், அதுக்கப்புறம்தான் உள்ள செல்லுலோஸ் படிஞ்சு சுவர் தடிக்கும், முடிய 45-50 நாள் ஆயிடும். அந்த ரெண்டாவது கட்டத்துல குளிர் அடிச்சாலோ இலை கொட்டிட்டாலோ சுவர் மெலிசாவே நின்னு போயிடும், இழை நாடா மாதிரி தட்டையா கிடக்கும், லேசா உரசுனாலே சுருண்டு முடிச்சாயிடும், சாயமும் ஏறாது. மைக் காட்டுறது பஞ்சுக்குள்ள காத்து எவ்வளவு சுலபமா போகுதுன்னுதான். அதனால மெல்லிய ரகத்துல நல்லா முத்துன பஞ்சும், தடிச்ச ரகத்துல முத்தாத பஞ்சும் ஒரே 3.6 காட்டும். அது புரியாம அன்னிக்கு ஃபிட்டரைத் திட்டிட்டேன், இன்னும் மனசு உறுத்துது.

பதில்:
அண்ணே எங்களுக்கு நேர் எதிர். நல்ல வெயில்ல காய்ச்ச பஞ்சு, முத்தல்தான், வலுவும் இருக்கு, ஆனா மைக் 5, இழை தடிப்பு. 40 கவுண்ட்ல நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. 15000-ஐ கவுண்ட்டாலயும் மைக்காலயும் வகுத்தா நூலோட குறுக்குவெட்டுல எத்தனை இழை இருக்குன்னு ஏறக்குறைய வந்துடும். 40 கவுண்ட்ல மைக் 4-னா 94, 5-னா வெறும் 75, நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம்ல ஒரு 80-ஆவது இருந்தாதான் நிக்கும். 24 கவுண்ட்டுக்கு மாத்துனோம், அதே பஞ்சு அழகா ஓடுச்சு.

பதில்:
நான் பருத்தி போடுறவன், ரெண்டு பேர் எழுதுனதையும் படிச்சதும் ஒரு வருஷம் ஞாபகம் வந்துச்சு. பூ எடுத்த நேரத்துல தண்ணி பத்தல, நீளம் குறைஞ்சு போச்சு, பின்னாடி மழை வந்தும் அது திரும்பல, அந்த மழையே வெடிச்ச பஞ்சை நனைச்சு நிறத்தையும் மங்க வச்சிடுச்சு. இன்னொரு தடவை வெள்ளை ஈ, அது விடுற தேன் மாதிரி கழிவு பஞ்சுல ஒட்டிக்கிச்சு, மில்லுல ரோலர்ல சுத்துதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணே, இந்த வாட்டி கடைசிப் பறிப்பைத் தனியா கட்டி, பூ பூத்த தேதியும் தண்ணி விட்ட தேதியும் எழுதி அனுப்புறேன். தனியா ஓட்டிப் பாத்து நெப்ஸ் எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க.