எட்டுத் தெருவில் ஒரு மாடிக்கு மேல் கூடாதாம்: பேரூராட்சித் தீர்மானம் சரியா?

தெற்குத்தெரு:

நம் பேரூராட்சியின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழைய எட்டுத் தெருக்களில் இனிமேல் கட்டுவது தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் மட்டும். பழைய வீட்டை இடிக்கிறவர் முன்கூட்டியே மன்றத்துக்கு எழுதித் தர வேண்டும். முகப்பை அப்படியே நிறுத்திவிட்டுப் பின்கட்டுகளில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள்.

நான் தீர்மானத்தின் பக்கம். தை மாதம் எங்கள் எதிர்வீட்டைப் பிரித்தார்கள். இடித்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு பதவிசாகப் பிரித்தார்கள். பட்டாலை என்கிற கூடத்தின் தூண் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டு, நிலைக்கதவைச் சணல் சாக்கில் சுற்றி, நாலு நாளில் லாரியில் ஏற்றியாயிற்று. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்தால் யார் வீட்டுத் தூண் எந்தக் கடை வாசலில் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது அந்த இடத்தில் வாசற்படி மட்டும் நிற்கிறது, ஏறினால் வேலிக்கருவை. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது 2014-ல். இந்த வேகத்தில் போனால் அவர்கள் வந்து பார்க்க என்ன மிஞ்சும்?

மூணாம்பங்கு:

அண்ணே, மரியாதையோடுதான் சொல்கிறேன், உங்கள் வீடு ஒரே பங்கு. எங்கள் வீட்டுக்குப் பதினேழு பங்கு. இரண்டு பேர் மலேசியாவில், ஒருவர் போனையே எடுப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் போடும் படைப்புக்குக் கூடுகிறோம், இலை போடுமுன் ஓடு மாற்றுகிற பேச்சு ஆரம்பிக்கும், பாயசம் வருவதற்குள் அது எந்த ஐயா எவ்வளவு போட்டார் என்கிற பழைய கணக்கில் போய் நிற்கும்.

போன ஐப்பசியில் இரண்டாங்கட்டில் மழை இறங்கிவிட்டது. நான் லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வந்து பார்த்தேன். வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், சின்ன வயதில் வெயில் நாளில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்போமே அந்தச் சுவர், உப்புப் பூத்து, விரல் வைத்த இடத்தில் பொலபொலவென்று கொட்டுகிறது. அந்தப் பூச்சு பூசத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்தாலும் அவர் சொல்கிற கூலிக்கு நான் இன்னொரு கடன் வாங்க வேண்டும். மன்றம் இடிக்காதே என்று சொல்லும், சரி. ஓடு வாங்கப் பணம் தருமா? சொத்து வரியிலாவது குறைக்குமா? பலகையில் ஒட்டிய தாளில் அந்த வரி எங்கே இருக்கிறது?

வேடிக்கைபார்ப்பவன்:

முகப்பு மட்டும் பழசு, பின்னால் புதுக் கட்டடம் என்றால் கல்யாண மண்டப வாசலில் போடும் தெர்மகோல் அலங்காரம்தான் ஞாபகம் வருகிறது.

கொத்தனார்பிள்ளை:

இரண்டு பேரும் கட்டிப் புரளுமுன் ஒன்று சொல்கிறேன். மன்றம் தீர்மானம் போடலாம், ஆனால் உயரத்தைத் தானாகக் குறைக்க முடியாது. எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு, எங்கே காலியிடம் என்பதெல்லாம் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் இருக்கிறது. அடுக்குமாடி உயரத்துக்குப் போகாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது ஆயிரம் சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து இரண்டாயிரம் சதுர அடி. கோயம்புத்தூருக்கும் அதுதான், நம் ஊருக்கும் அதுதான். ஒரு பகுதிக்கு மட்டும் தனி விதி வேண்டுமானால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி தனியாகத் திட்டம் வரைந்து, அறிவித்து, ஆட்சேபம் கேட்டு, நகர் ஊரமைப்பு இயக்ககம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். நம் கவுன்சிலர்கள் கை தூக்குவது பரிந்துரைக்குத்தான்.

ஆனால் எனக்கு மாடி பெரிய விஷயமே இல்லை. ப்ளான் வரைந்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உண்மையான வில்லன் செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம். எட்டுத் தெருவில் எந்த வீட்டை எடுத்தாலும் தெருவை ஒட்டித்தான் சுவர் நிற்கிறது, இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. இப்போதைய விதிப்படி புதிதாகக் கட்டினால் முன்பக்கம் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும், ரோடு அகலமானால் அதற்கு மேலும். பக்கவாட்டில் விடுவது தனி. பழைய ஆட்கள் காலியிடத்தை வீட்டுக்கு நடுவில் வைத்தார்கள், வெயிலும் மழையும் வளவு என்கிற அந்த நடுமுற்றத்தில் இறங்கட்டும் என்று. விதி அதே காலியிடத்தை வீட்டுக்கு வெளியே கேட்கிறது. போன வருஷம் ஒருவர் ஆசையாக வந்தார், முப்பதுக்கு அறுபது மனை, வளவு வைத்தே ஆக வேண்டும் என்றார். சுற்றிலும் விட்டு, நடுவிலும் விட்டு வரைந்து பார்த்தால் வளவு ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு வந்து நிற்கிறது. துணி காயப்போடக்கூடப் பத்தாது என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார். முடிந்தது கதை. ஒரு வீடு பிரித்துப் புது வீடு வந்தால், எத்தனை மாடி என்பது இருக்கட்டும், தெருவின் வரிசை அந்த இடத்தில் பல் விழுந்த மாதிரி உள்ளே போய்விடும். அதுவும் சட்டப்படியே.

தெற்குத்தெரு:

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, பரிந்துரை என்றால் பரிந்துரையாகவே போகட்டும், ஒன்றுமே எழுதாமல் இருப்பதற்கு அது மேல். என் பயம் வேறு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனை இருந்தால் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், வீடு கட்டுகிறவன் ஆபீஸ் படியேற வேண்டாம். ஆனால் பெரிய வீட்டைப் பிரித்து, மனையைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு வீடு என்று கட்ட ஆரம்பித்தால் யார் கண்ணிலும் படாமல் தெருவே மாறிவிடுமே?

அப்புறம், காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் போய்விட்டன. நாளைக்கு நம்மையும் சேர்த்துவிட்டால் இந்த எட்டுத் தெருவுக்காகப் பேச நமக்கென்று ஒரு மன்றம் இருக்காது. இருக்கும்போதே எழுதி வைப்போம் என்கிறேன்.

கொத்தனார்பிள்ளை:

மனையைத் துண்டு போடுவதற்கு உட்பிரிவு அனுமதி தனியாக வாங்க வேண்டும். பிடிக்க வேண்டிய இடம் அதுதான், மாடி கிடையாது. நம் ஊரில் கட்டுவதற்கு வரைபடம் கேட்பார்கள், நான் பார்த்தவரை இடிப்பதற்கு யாரும் ஒரு தாள் கேட்டதில்லை. தீர்மானத்தில் இடிக்குமுன் எழுதித் தரச் சொல்கிற அந்த இரண்டாவது வாசகத்தை மட்டும் உருப்படியாக எழுதினால் போதும்.

வண்டிப்பேட்டை:

நான் அந்த எட்டுத் தெருவில் இல்லை. எங்கள் தெருவில் முகப்பும் இல்லை, பட்டாலையும் இல்லை, அதனால் யுனெஸ்கோ எங்களைத் தேடி வரப்போவதில்லை. எங்கள் ஆட்கள்தான் அந்த வீடுகளுக்கு மண் சுமந்தார்கள், அது வேறு கதை. கேட்க வந்தது ஒன்றுதான்: முகப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற மன்றம் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் வரிசையாகக் கடை எழும்பியபோது எங்கே போயிருந்தது?

இந்த ஊரை அமைத்தவர்கள் கூரைத் தண்ணீரை வளவில் பிடித்தார்கள், மிச்சத்தைத் தெரு வாய்க்காலில் விட்டு ஊரணியில் சேர்த்தார்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது எங்கள் அப்பத்தா, இதைச் சொல்ல ஒரு சட்டமா என்று கேட்டது. இப்போது அந்த வாய்க்கால் மேல் சிமெண்ட் பலகை, பலகை மேல் செல்போன் கடை. கார்த்திகையில் ஒரு நாள் மழைக்கே தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து, அரிசி வாளியைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். பாரம்பரியம் என்றால் அந்த வாய்க்காலும்தான் பாரம்பரியம். தூணுக்கு மட்டும் தீர்மானம், தண்ணீருக்குக் கிடையாதா?

மூணாம்பங்கு:

வண்டிப்பேட்டை சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்க வாய்க்காலும் அப்படித்தான் அடைத்துக் கிடக்கிறது, சுவரில் ஓதம் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கொத்தனார் சொன்னார்.

ஆனால் தெற்குத்தெரு அண்ணனுக்கு ஒன்று. புதுச்சேரியில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அரசாங்கக் கட்டடம், கடற்கரை ரோட்டில் எல்லோர் கண்ணுக்கும் எதிரே நின்றது, அதுவே விழுந்தது. பிறகு அதே வடிவில் கட்டி 2021-ல் திறந்தார்கள், போட வேண்டிய பணத்தைப் போட ஆள் இருந்தது. என் இரண்டாங்கட்டு விழுந்தால்? கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் ஹோட்டலாகி நன்றாக இருக்கின்றன, அதைக் காட்டிக் காட்டியே எங்களை மடக்குகிறீர்கள். பதினேழு பங்கில் ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வாடகைக்குக்கூட விட முடியாது, இதில் ஹோட்டல் எங்கே. எங்களுக்கு வேண்டியது, வீட்டை வைத்துக்கொள்கிறவனுக்கு வரியில் ஏதாவது குறை, ரிப்பேருக்கு ஏதாவது உதவி. அது இல்லாமல் தடை மட்டும் போட்டால் யாரும் இடிக்க மாட்டார்கள், உண்மைதான். பூட்டிப் போட்டுவிடுவார்கள். நாலு மழை பார்த்தால் தானாக விழும், அதற்கு எந்த மன்றத்துக்கும் எழுதித் தர வேண்டியதில்லை.

தெற்குத்தெரு:

கடைசி வரி குத்துகிறது. எதிர்வீடும் பத்து வருஷம் பூட்டித்தான் கிடந்தது.

சரி, இப்படிச் செய்கிறேன். ஆதரவு மனு எழுதுவதாக இருந்தேன், அதைத் திருத்தி எழுதுகிறேன். மாடி வரம்பை நான் விட மாட்டேன், அது முதலில் இருக்கும், பிடிக்காதவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். இடிக்குமுன் தெரிவிப்பதும் உட்பிரிவும் அடுத்தது. எட்டுத் தெருவில் தெரு வரிசையிலேயே கட்ட செட்பேக் தளர்வு கேட்டு இயக்ககத்துக்குப் பரிந்துரை, அந்த வாசகத்தைக் கொத்தனார்பிள்ளை எழுதித் தர வேண்டும், எனக்கு அந்த பாஷை வராது. வரிச் சலுகை. வரத்துக்கால் ஆக்கிரமிப்பையும் அதே கூட்டத்தில் எடுக்க வேண்டும் என்று தனித் தாளில்.

வண்டிப்பேட்டை:

தனித் தாள் வேண்டாம். தனித் தாள் தொலைந்துபோகும், எங்களுக்குப் பழக்கம்தான். அதே தாளில் எழுதுங்கள், எங்கள் தெருவில் நாற்பது கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன்.

தெற்குத்தெரு:

அதே தாளில் எழுதிவிட்டேன்.

மூணாம்பங்கு:

மாடி வரம்பு இருக்கிற தாளில் நான் கையெழுத்துப் போட முடியாது அண்ணே. அதை மட்டும் எதிர்த்து நானே ஒரு ஆட்சேபம் தபாலில் அனுப்புகிறேன், மற்றதற்கெல்லாம் சம்மதம் என்று அதிலேயே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன், இரண்டாங்கட்டு ஓட்டைப் பார்க்க யாராவது நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

கொத்தனார்பிள்ளை:

எங்கள் அப்பா வருவார். ஏணி மட்டும் நீங்கள் பார்த்து வையுங்கள்.