டெனன்ட்-7 ரோலில் டெனன்ட்-70 ஃபைல் திறக்கிறது: ஒரே பக்கெட்டில் பிரிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். அவசர உதவி வேண்டும். எங்கள் அப்ளிகேஷனில் 84 டெனன்ட்கள் (அதைத் தனித்தனியாகப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள்). எல்லாருடைய ஃபைல்களும் அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் ஒரே பக்கெட்டில் (ஃபைல்களைப் போட்டுவைக்கும் கொள்கலன்) இருக்கின்றன. டெனன்டுக்கு ஒரு ரோல் (அனுமதிகளைச் சுமக்கும் அடையாளம்). அந்த அனுமதிகளை எழுதும் பாலிசியில் பாதையை "டெனன்ட்-7*" என்று கொடுத்திருக்கிறேன். நேற்று டெனன்ட்-7 ரோலில் லிஸ்ட் எடுத்தால் 70 முதல் 79 வரை எல்லாம் வருகிறது. டெனன்ட்-70-இன் ஒரு இன்வாய்ஸைத் தொட்டேன், அப்படியே திறந்துவிட்டது. மூன்று மாதமாக லைவில் இருக்கிறது. நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. ஆளுக்கொரு பக்கெட் போட்டுவிடலாமா?

பதில் 1

பக்கெட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த நட்சத்திரக் குறியைப் பாருங்க. எஸ்3-க்கு ஃபோல்டர் என்று ஒன்றும் கிடையாது. "டெனன்ட்-70/இன்வாய்ஸ்" என்பது முழுக்க ஒரே நீளப் பெயர். "டெனன்ட்-7*" என்றால் அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாமே அடக்கம். "டெனன்ட்-7/*" என்று மாற்றுங்க. பிரச்சினை 7-க்கு மட்டும் இல்லை: 1 முதல் 8 வரை எல்லா ரோலுக்கும் இதே ஓட்டை. 1-க்கு 10 முதல் 19 வரை திறந்திருக்கும். எட்டு ரோலையும் இப்பவே மாற்றிடுங்க.

கேட்டவர்

மாற்றிவிட்டேன், நன்றி. டெனன்ட்-70 ஃபைலைக் கேட்டால் 403 (அனுமதி இல்லை) வருகிறது. ஆனால் பிரிஃபிக்ஸ் (பெயரின் தொடக்கப் பகுதி) எதுவும் கொடுக்காமல் லிஸ்ட் எடுத்தால் இன்னும் எல்லாப் பெயரும் தெரிகிறதே?

பதில் 2

லிஸ்ட் அனுமதி பக்கெட்டின் மேல் கொடுப்பது. ஃபைல் பாதையில் போட்ட கட்டுப்பாடு அங்கே செல்லாது. லிஸ்ட்பக்கெட் அனுமதிக்குத் தனியாக ஒரு கண்டிஷன் வேண்டும்: பிரிஃபிக்ஸ் "டெனன்ட்-7/*" ஆக இருந்தால் மட்டும். அங்கேயும் சாய்கோட்டை விட்டுவிடாதீங்க. பெயர்தானே என்று நினைக்க வேண்டாம், ஃபைல் பெயரிலேயே வாடிக்கையாளர் பெயர் இருப்பது சகஜம்.

இன்னொன்று: லிஸ்ட் அனுமதி இல்லாதவர் இல்லாத ஃபைலைக் கேட்டாலும் 404 (ஃபைல் இல்லை) வராது, 403-தான் வரும். உங்கள் புரோகிராம் 404-ஐ நம்பி ஏதாவது செய்கிறதா என்று பாருங்க.

பதில் 3

84 பாலிசியைக் கையால் எழுதினால் இந்தத் தப்பு திரும்ப வரும். ஒரே ரோல் போதும். அசூம்ரோல் செய்யும்போது (அந்த ரோலை ஏற்றுத் தற்காலிகச் சாவி வாங்கும்போது) டெனன்ட் எண்ணை செஷன் டேக்காக, அதாவது அந்தச் சாவியோடு ஒட்டிவரும் குறிச்சொல்லாக, அனுப்புங்கள்; பாலிசியில் எண்ணுக்குப் பதில் அந்த டேக்கின் மதிப்பைத் தரும் பிரின்சிபல்டேக் வேரியபிளை வையுங்கள். ரோலை யார் ஏற்கலாம் என்று சொல்லும் டிரஸ்ட் பாலிசியில் டேக்செஷன் அனுமதி வேண்டும். அந்த எண் சரிபார்த்த லாகின் டோக்கனிலிருந்து வரட்டும். யூஆர்எல்லில் வருவதை எடுத்தால் இத்தனை வேலையும் வீண்.

பலர் கோட்டை விடுவது பிரீசைன்ட் லிங்க்கில் (முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தரும் தற்காலிக ஃபைல் லிங்க்). கையெழுத்துப் போட்டவரின் அனுமதிதான் லிங்க்குக்கும். பேக்எண்ட் தன் பெரிய ரோலில் கையெழுத்துப் போட்டால் டெனன்ட் பாலிசி நடுவில் வரவே வராது. டெனன்டின் தற்காலிகச் சாவியில் போடுங்கள். சாவி காலாவதியானால் லிங்க்கும் செத்துவிடும். நிரந்தரச் சாவியில் போட்டால் 7 நாள் வரை உயிரோடு இருக்கும்.

ஆளுக்கொரு பக்கெட் இப்போது முடியாத காரியம் இல்லை. 100 என்றிருந்த வரம்பு 2024 நவம்பரிலேயே 10,000 ஆகிவிட்டது. ஆனால் பேக்எண்ட் எல்லா பக்கெட்டையும் ஒரே ரோலில் தொட்டால் ஓட்டை அப்படியேதான் இருக்கும். தனி என்கிரிப்ஷன் சாவி, தனி ரீஜியன் (டேட்டா இருக்கும் இடம்) கேட்கும் டெனன்டுக்கு மட்டும் நான் அப்படிச் செய்வேன்.

யாராவது ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா? அதைத் தேடினீர்களா? அமேசானின் நடவடிக்கைப் பதிவேடான கிளவுட்டிரெயிலில் டேட்டா ஈவென்ட் (ஒவ்வொரு ஃபைலையும் தொட்ட விவரம்) தானாகப் பதிவாகாது, நாம்தான் ஆன் செய்திருக்க வேண்டும்.

கேட்டவர்

டேட்டா ஈவென்ட் ஆஃபில் இருந்தது. நல்லவேளை, பக்கெட்டுக்கு வரும் கோரிக்கைகளை எழுதிவைக்கும் எஸ்3-இன் சர்வர் ஆக்சஸ் லாக் ஆனில் இருந்தது. ரோலின் எண்ணும் ஃபைல் பாதையின் எண்ணும் ஒத்துப்போகாத வரிகளையும், பிரிஃபிக்ஸ் மாறிய லிஸ்ட் கோரிக்கைகளையும் மூன்று மாதத்துக்கும் தேடினேன். கிடைத்தவை எல்லாம் நேற்று நான் செய்த டெஸ்ட்தான். ஆனால் அந்த லாக்கில் ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் என்ற உத்தரவாதம் இல்லை. 10 முதல் 84 வரையுள்ள 75 டெனன்டுக்கும் எழுதும் கடிதத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன், மேலாளர் ஒப்புக்கொண்டார்.

டேட்டா ஈவென்ட் ஆன் செய்தாயிற்று. 7-ஆக நுழைந்து 70-ஐக் கேட்கும் டெஸ்ட்டை பில்டில் சேர்த்துவிட்டேன். 403 வராவிட்டால் ரிலீஸ் போகாது. செஷன் டேக் வேலையை நாளை தொடங்குகிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.