படிப்பகக் கணினிகளில் லினக்ஸ்: புதியவர்களுக்கு எதை எளிதாக்க வேண்டும்?

கேள்வி (கோத்தகிரி, படிப்பகப் பொறுப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நன்கொடையாக வந்த ஆறு டெஸ்க்டாப் கணினிகளிலும் 4 ஜிபி நினைவகமும் விண்டோஸ் 10-உம் உள்ளன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இவற்றில் இல்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின், குறைந்த நினைவகத்துக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு கணினியில் நிறுவினேன். நிறுவுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

பச்சைத் தேயிலைக் கணக்கைப் பதிந்துவைக்க விரும்பும் சிறு விவசாயிகள், விண்ணப்பம் தட்டச்சு செய்ய வரும் மகளிர் குழுவினர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆகியோர்தாம் இங்கே வருபவர்கள். திரையை அப்படியே விண்டோஸ் போல மாற்றிவிட்டால் பழகிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே உதவுமா, அல்லது நான் வேறு எதையாவது முதலில் கவனிக்க வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே மின்சாரம் அடிக்கடி போகும் என்பதையும், இணையம் மெதுவானது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் 1 (குன்னூர், டிடிபி கடை)

வணக்கம் அம்மா. தோற்றத்துக்காக நேரம் செலவிட வேண்டாம். மின்ட்டில் தொடக்கப் பட்டியல் (மெனு) கீழே இடப்பக்கத்திலும் கடிகாரம் வலப்பக்கத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன; அதற்கு மேல் ஒப்பனை செய்தால், விண்டோஸ் என்று நம்பி உட்காருபவர் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும்போது இன்னும் அதிகமாகத் தடுமாறுவார். புதியவர் முதல் நாளில் தமிழில் தட்டச்சு செய்வார், யாரோ பென் டிரைவில் கொடுத்த கோப்பைத் திறப்பார், அச்சிடுவார். இந்த மூன்றில் ஒன்று தடைபட்டாலும் அவர் மறுபடி வரமாட்டார்.

தட்டச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது. விசைப்பலகை அமைப்பில் ‘தமிழ்நெட் 99’ என்ற தளவமைப்பு நேரடியாகவே கிடைக்கும். ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் இயங்கும். தமிழ் 99 பழகியவர் ‘பக்கம்’ என்று அடிக்கக் ககரத்தை இருமுறை தட்டுவார், முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும் என்று எதிர்பார்ப்பார். இங்கே ‘பககம்’ என்றுதான் வரும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும், பல மொழி விசைமுறைகள் அடங்கிய அதற்குரிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் இந்தப் புள்ளி விதிகள் சரியாக வேலை செய்யும். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் முதலாவதை வைத்துப் பார்த்துவிட்டு, லினக்ஸில் தமிழ் சரிவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருங்குறி (யூனிகோடு) ஒலிபெயர்ப்பு முறையும் அதே தொகுப்பில் உண்டு. கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளால் தமிழ் அடிப்பவர்களுக்கு அது போதும்.

வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அந்த எழுத்துருக்கள் தமிழ் வடிவங்களை ஆங்கிலக் குறியீடுகளின் இடத்தில் வைத்திருப்பதே காரணம், கோப்பு கெட்டுவிடவில்லை. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டும் இப்படிப்பட்ட கோப்புகள் என் கடைக்கு இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எழுத்துரு மாற்றி ஒன்றை உலாவியில் புத்தகக்குறியாக வைத்துவிடுங்கள்.

பிரிண்டரைப் பொறுத்தவரை, மற்ற ஐந்து கணினிகளிலும் நிறுவுவதற்கு முன்பே, பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் (அதாவது நிறுவாமலேயே) மின்ட்டை இயக்கி ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். விலை குறைந்த பழைய லேசர் பிரிண்டர்களில் சில, தயாரிப்பாளரின் தனி மென்பொருள் இல்லாமல் அசையவே அசையா.

பதில் 2 (கூடலூர், ஆசிரியர்)

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கோப்பைத் திறப்பதோடு சேமிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தன் சொந்த வடிவத்தில்தான் இயல்பாகச் சேமிக்கும். அந்தக் கோப்பை வெளியே ஒரு கடையில் திறந்து அமைப்பு குலைந்திருந்தால் பழி உங்கள் படிப்பகத்தின்மேல்தான் விழும். ‘ஏற்றுதல், சேமித்தல்’ பகுதியில் வேர்டு வடிவத்தையே இயல்பாக அமைத்துவிடுங்கள். காலிப்ரி எழுத்துருவுக்குப் பதிலாகக் கார்லிட்டோவை நிறுவினால் எழுத்தகலம் ஒன்றே என்பதால் வரிகள் இடம் மாறா.

இன்னொன்று, ஆறு கணினிகளும் எல்லா வகையிலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. என் மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்ததேயில்லை. அது கடினம் என்பதைவிட, சந்தேகம் கேட்டால் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்த கணினியில் இருப்பவருக்கும் அப்படியே பொருந்தினால், நீங்கள் ஒவ்வொருவராகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதில் 3 (உதகை, கணினிப் பராமரிப்பு)

மின்வெட்டைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். நடுவில் மின்சாரம் போனால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. லினக்ஸ் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் குறிப்பேட்டை வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும். எப்போதாவது அது முடியாமல் போகும்போது, கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கணினி நின்றுவிடும். ஒரே கட்டளையில் தீரும் பழுதுதான், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது கணினி செத்துப்போனதாகவே தெரியும். டெஸ்க்டாப்பை அழகாக்குவதில் உழைக்கும் உருவாக்குநர்கள் இந்தத் திரையில் புரியும்படி இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்பது என் நெடுநாள் மனக்குறை. இப்போதைக்கு, கணினியைத் தொடக்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பில் பழுதுநீக்கும் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று முன்கூட்டியே பதில் தந்துவையுங்கள். டைம்ஷிஃப்ட்டில் வாராந்தர நகல் எடுக்கவும் ஏற்பாடு செய்துவிடுங்கள். அது அமைப்புக் கோப்புகளுக்குத்தான், பயனர்களின் கோப்புகளுக்கு அன்று.

இணையம் மெதுவானது என்பதால், ஒரு கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி நிறுவி, மற்ற ஐந்தையும் அதன் வழியாகப் புதுப்பிக்கச் செய்யுங்கள். ஒரு தொகுப்பு ஒருமுறை இறங்கினால் ஆறுக்கும் போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஐபஸ்ஸுக்கு மாறியதும் ‘பக்கம்’ சரியாக வந்துவிட்டது. ஒரே ஒரு ஐயம்: ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டுமா?

பதில் 3 (உதகை)

வேண்டாம் அம்மா. ‘லாகின் விண்டோ’ அமைப்பில் விருந்தினர் அமர்வை அனுமதித்தால் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம். வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற கோப்புகள், உலாவியின் கடவுச்சொற்கள் எல்லாம் அழிந்துவிடும். ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்யும் இடத்தில் இதுவே பாதுகாப்பு. மின்சாரம் போனாலும் அந்தக் கோப்புகள் போய்விடும் என்பதால், பென் டிரைவில் சேமித்துக்கொண்டே வேலை செய்யுமாறு ஒவ்வொரு திரைக்கு மேலும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். விருந்தினர் அமர்வில் தமிழ் 99 தானாக வருகிறதா என்பதையும் ஒருமுறை சோதியுங்கள். உங்கள் கணக்கில் செய்த அமைப்பு அதற்குப் பொருந்தாது.