ராஜ்தூத் 350: சூடானதும் ரேஸ் இறங்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கம்மவான்பேட்டை பையன்

எல்லோருக்கும் வணக்கம். பட்டாளத்தில் இருந்த என் சித்தப்பா 1986-ல் வாங்கிய ராஜ்தூத் 350 எங்கள் வீட்டில் இருக்கிறது, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பைக். 11 வருடம் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இந்த வருடம்தான் வெளியே இழுத்தேன். டேங்க் துரு எடுத்தாச்சு. கார்புரேட்டர் இரண்டையும் இரண்டு முறை கழற்றிக் கழுவியாச்சு. ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், பேட்டரி எல்லாம் புதுசு. இன்ஜினை மட்டும் பிரிக்கவில்லை.

காலையில் இரண்டாவது கிக்கில் எழுந்துவிடும். ஸ்லோ ஸ்பீடு அழகாக நிற்கும். கணியம்பாடி தாண்டி பாகாயம் வந்து சேர்வதற்குள் குணம் மாறிவிடுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டாலும் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்காமல் ஆர்பிஎம் முள் மூவாயிரத்திலேயே நிற்கிறது. போன ஞாயிறு சிக்னலில் நின்றபோது தானாகவே ஏற ஆரம்பித்தது. பயந்துபோய்ச் சாவியைத் திருப்பினேன். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர், "தம்பி, உன்னை விட்டுட்டு வண்டி மட்டும் போயிடப் போகுது" என்றார்.

வீட்டுக்கு வந்து பிளக் கழற்றினேன். வலது பிளக் காபித்தூள் நிறம். இடது பிளக் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை.

மெக்கானிக்கிடம் கேட்டால், "இது முரட்டு வண்டிப்பா, அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ" என்கிறார். சித்தப்பாவும் அதையேதான் சொல்கிறார், அதுவும் பெருமையாக. உண்மையிலேயே இது இந்த வண்டியின் குணமா, இல்லை கோளாறா?

ஆம்பூர் ஆர்எக்ஸ்

முதலில் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்திருப்பது ஆர்எக்ஸ் 100, 98 சிசி, 11 குதிரைத்திறன். அதற்கே எங்கள் வீட்டில் சாவியை ஒளித்து வைப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பாயின்ட் (பிளக்கில் பொறி அடிக்கும் நேரத்தை முடிவு செய்யும் சுவிட்ச்) பார்த்தீர்களா? அந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒரு பாயின்ட், ஒரு கன்டென்சர், ஒரு காயில். இடது பக்க டைமிங் மட்டும் முன்கூட்டி அடித்தால் இடது பிளக் மட்டும் வெள்ளையாகும்.

இரட்டைப்புகை

பாயின்ட் பார்ப்பது நல்லதுதான். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஆனால் சூடானதும் ரேஸ் இறங்காமல் தொங்குவதும், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாவதும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் வேறு. இடது சிலிண்டர் எங்கிருந்தோ காற்றை உறிஞ்சுகிறது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும். அந்த அறையின் இரண்டு ஓரத்திலும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் உண்டு. கிளட்ச் பக்கம், அதாவது வலது சீல் போனால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை கிளம்பும், கியர் ஆயிலும் குறையும். அது சீக்கிரம் தெரிந்துவிடும். கரண்ட் தயாரிக்கும் மேக்னட் பக்கம், அதாவது இடது சீல் போனால் புகை எதுவும் வராது. சும்மா காற்றுதான் உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து, காற்று கூடி, சூடு ஏறும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது பிடித்தால் பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும். புரிகிறதா?

11 வருடம் சும்மா கிடந்த ரப்பர், அதுவும் வேலூர் வெயிலில். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. அது கலவையை இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: இன்ஜின் சூடாக இருக்கும்போது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். சைலன்சர் பக்கம் படக்கூடாது, தீப்பிடிக்கும். ரேஸ் மாறினால் ஓட்டை அங்கே. மாறவில்லை என்றால் சீல். அதுவரை தூரமாக ஓட்டாதீர்கள்.

இன்னொன்று. மறுபடி தானாக ஏறினால் சாவியோடு நிறுத்தாதீர்கள், அது மட்டும் போதாமல் போகலாம். சோக்கை முழுதாக இழுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய கியர் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கிவிடுங்கள்.

காட்பாடி பழைய ஆள்

தம்பி, மேலே சொன்னவர் சொல்வதைக் கேள். அந்த "முரட்டு வண்டி" பேச்சைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன்.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு 350 இருந்தது, தோல் மண்டி வைத்திருந்தவர் வீட்டு வண்டி. புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன் என்றிருந்தபோது இதற்கு 30.5. அப்புறம் மைலேஜுக்காக 27 ஆகக் குறைத்தார்கள், அப்படியும் யாரும் மைலேஜ் பார்த்ததில்லை. ஆறு கியர். கீழே ஒன்றும் இருக்காது, சாதுவாகப் போகும். முள் நாலாயிரம் தாண்டியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். ஜப்பானில் இதன் அண்ணன் யமஹா ஆர்டி 350-க்கு 39 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க் பிரேக். இங்கே வந்தபோது டிரம் பிரேக். வேலூரில் ஆறு உண்டு தண்ணி இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்பார்கள். நாங்கள் அதோடு, வண்டி உண்டு பிரேக் இல்லை என்று சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் நான் விழுந்தது வண்டியின் முரட்டுத்தனத்தால் இல்லை. என்னிடம் இருந்தது பழைய புல்லட், அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இதில் நேர் எதிர். இரவல் வாங்கிப் போனவன், காட்பாடி மேம்பாலம் இறங்கும்போது கியர் போடுவதாக நினைத்து வலது காலை ஒரே மிதி. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. தெருவில் எல்லோரிடமும் வண்டிதான் தூக்கி அடித்தது என்று சொன்னேன். நம்பினார்கள். அந்த வண்டியைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

அதனால், கையை விட்டால் இறங்குவதுதான் அதன் குணம். இறங்கவில்லை என்றால் கோளாறு. சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

கம்மவான்பேட்டை பையன்

நன்றி அண்ணா, நன்றி ஐயா. ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், ரேஸில் எந்த மாற்றமும் இல்லை. பாயின்ட் இரண்டும் 0.35. சீலை இன்ஜின் பிரிக்காமல் சோதிக்க வழி இருக்கிறதா? மெக்கானிக் இன்னும் நம்பவில்லை.

இரட்டைப்புகை

இருக்கிறது. கார்புரேட்டர், சைலன்சர் இரண்டையும் கழற்றுங்கள். அந்த வாய்கள் நான்கையும் ரப்பர் ஷீட் வைத்து அடையுங்கள். இரண்டு சிலிண்டரையும் சேர்த்தே அடைக்க வேண்டும், ஏனென்றால் கிராங்க் நடுவில் இருப்பது லேபிரிந்த் சீல், அதாவது ரப்பர் இல்லாத, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய வளையம், அது காற்றை முழுக்கத் தடுக்காது. ஒரு அடைப்பில் சைக்கிள் வால்வு வைத்து 6 பிஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்றடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும். மேக்னட்டைப் புல்லர் போட்டு எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கம்மவான்பேட்டை பையன்

12 நாள் கழித்து எழுதுகிறேன். மேக்னட்டை எடுத்து சோப்புத் தண்ணீர் தடவியதும் சீலின் கீழ் ஓரத்தில் முட்டை முட்டையாக நுரை வந்தது. காற்று முள் கண்ணெதிரே இறங்கியது. மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை, பீடியை அணைத்துவிட்டு ஸ்பேனர் எடுத்தார்.

இன்ஜினை முழுதாகப் பிரித்து இரண்டு சீலும் மாற்றியாச்சு. இடது சீலின் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, நகத்தால் தட்டினால் டக் டக் என்றது. உதட்டைச் சுற்றி இருக்கும் வளைய ஸ்பிரிங் அறுந்திருந்தது. இடது பிஸ்டனில் லேசான கீறல், தேய்த்தே சரி செய்தார். சிலிண்டர் போரைத் தொடவில்லை. ஆயில் பம்ப் குழாயில் காற்று இருந்தது, அதையும் எடுத்தார். முதல் டேங்க்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கூடுதலாகக் கலக்கச் சொன்னார், கலந்திருக்கிறேன்.

நேற்று கண்ணமங்கலம் வரை போய் வந்தேன். நல்ல மதியம். கையை விட்டால் ரேஸ் டக்கென்று இறங்குகிறது. இடது பிளக்கும் இப்போது காபித்தூள்தான். சித்தப்பா ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "என்னடா, பழைய திமிரைக் காணோமே" என்கிறார்.

அடுத்த மாதம் ஏலகிரி போக ஆசை. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறுமா?

ஆம்பூர் ஆர்எக்ஸ்

ஏறும், ஏறும். ஆம்பூரில் நிறுத்துங்கள், பிரியாணி என் செலவு. நானும் பின்னாலேயே வருகிறேன்.

காட்பாடி பழைய ஆள்

ஏறுவதற்கு யாரைக் கேட்க வேண்டும். இறங்குவதைச் சொல். முன் பிரேக் ஷூ மாற்றினாயா?

கம்மவான்பேட்டை பையன்

இல்லை ஐயா, சித்தப்பா போட்டதுதான் இன்னும் இருக்கிறது.

காட்பாடி பழைய ஆள்

கேபிளோடு சேர்த்து மாற்று. அப்புறம் பிரியாணி.