பயிற்சி கொடுத்தும் இடுப்பு வலிப் புகார்கள் குறையவில்லை: எதை மாற்றுவது?

கேள்வி (பாதுகாப்புப் பிரிவுப் பொறுப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். சரக்குக் கிடங்கும் அதை ஒட்டிய அலுவலகமும் கொண்ட ஒரு நிறுவனத்தில் ஊழியர் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் பணிச்சூழலியல் (உடலுக்குத் தீங்கில்லாமல் வேலை செய்யும் முறை) பயிற்சி நடத்துகிறோம். முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும், முதுகை நிமிர்த்தியபடி தூக்க வேண்டும் என்பதைப் படக்காட்சியாகக் காட்டி, முடிவில் ஒரு சிறு தேர்வு வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் பெட்டி அடுக்குபவர்களின் இடுப்பு வலி, தோள் வலிப் புகார்கள் முன்பு போலவே வருகின்றன. கணினியில் வேலை செய்பவர்கள் கழுத்தும் மணிக்கட்டும் வலிப்பதாகச் சொல்கிறார்கள். பயிற்சியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடத்தலாம், கிடங்கு ஊழியர்களுக்கு இடுப்புப் பட்டை வாங்கித் தரலாம் என்பது நிர்வாகத்தின் யோசனை. இந்த இரண்டில் எது பயன் தரும், அல்லது பயிற்சியில் சொல்லித்தரும் விஷயத்தையே மாற்ற வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பணிசார் உடல்நலப் பிரிவில் இயன்முறை மருத்துவர்)

பட்டையை முதலில் விட்டுவிடுங்கள். காயமில்லாத ஊழியர்களுக்கு இடுப்புப் பட்டையைப் பாதுகாப்புச் சாதனமாகப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனமான நியோஷ் 1994இலேயே கூறிவிட்டது. பிறகு சில்லறை விற்பனைக் கடை ஊழியர்களிடம் அந்நிறுவனம் நடத்தி 2000இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், பட்டை அணிந்தவர்களுக்கு முதுகுக் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, உங்களுக்கு நடந்ததே பலருக்கும் நடந்திருக்கிறது. அமெரிக்க அஞ்சல் ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. முதுகுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பாதுகாப்பான முறைகளைப் பற்றிய அறிவு கூடியிருந்ததே தவிர, காயங்களும் விடுப்பு நாட்களும் குறையவில்லை. பொருட்களைத் தூக்கும் முறை பற்றிய அறிவுரையும் பயிற்சியும் முதுகு வலியைத் தடுப்பதற்குச் சான்று இல்லை என்பதே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின் முடிவும். ஆகவே, அதே பயிற்சியை இரு மடங்காக்கினால் தேர்வு மதிப்பெண் வேண்டுமானால் இன்னும் உயரலாம்.

இதற்கான காரணம் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கிறது. தூக்கும் வேலையை மதிப்பிட நியோஷ் 1991இல் திருத்தி அமைத்த சமன்பாட்டின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும்போது பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோ; அதாவது பெட்டி உடலை ஒட்டியும், தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும், உடலைத் திருப்ப வேண்டியிருக்கக் கூடாது, பிடிப்பு நன்றாக இருக்க வேண்டும், அடிக்கடி தூக்க வேண்டிய நிலையும் இருக்கக் கூடாது. இப்போது பாலெட்டின் (சரக்கை அடுக்கிவைக்கும் தாழ்வான பலகை மேடை) அடி வரிசையில், எட்டிப் பிடிக்க வேண்டிய தொலைவில் இருக்கும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் கணுக்காலிலிருந்து 50 செ.மீ. முன்னே நீள்கின்றன, பிடிக்கும் இடம் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முன்னே நீள்வதால் அளவு பாதியாகிறது. தாழ்வாக இருப்பதால் அதிலும் 18 விழுக்காடு குறைகிறது. மற்றவையெல்லாம் சாதகமாக இருந்தாலும் பரிந்துரை 9.5 கிலோவுக்குக் கீழே போய்விடும். அந்தப் பெட்டி 15 கிலோ என்றால், எவ்வளவு ஒழுங்காகத் தூக்கினாலும் அது அதிகச் சுமைதான்.

முழங்காலை மடக்கச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டி சிறியதாக இருந்து இரு கால்களுக்கு இடையே வந்தால் அது உதவும். பெட்டி அகலமாக இருந்தால் முழங்கால்களே அதை உடலிலிருந்து தள்ளி வைத்துவிடும். அப்போது கீழ்முதுகின் மேல் விழும் பளு கூடவும் வாய்ப்புண்டு. அதோடு, ஒரு ஷிப்ட் முழுக்கக் குந்தி எழுவது கால்களைக் களைப்படையச் செய்வதால், சிறிது நேரத்தில் எல்லோரும் பழையபடி குனியத் தொடங்கிவிடுவார்கள். அதை அவர்களின் அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி 2 (கிடங்கு மேற்பார்வையாளர்)

மேலே சொன்னதை நடைமுறையிலிருந்து நானும் உறுதிசெய்கிறேன். எங்கள் கிடங்கில் முதலில் மாற்றியது அடுக்கும் முறையைத்தான். கனமான சரக்கும் அடிக்கடி எடுக்கப்படும் சரக்கும் முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளுக்கு வந்தன. இலேசானவையும் எப்போதாவது கேட்கப்படுபவையும் மேலும் கீழும் போயின. பெட்டி இறக்கும் இடத்தில் காலிப் பாலெட்டுகள் சிலவற்றை அடியில் அடுக்கி அவற்றின் மேல் சரக்குப் பாலெட்டை வைத்தோம்; அதற்குச் செலவே இல்லை. அடுக்கு ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டிப் பிடிப்பதற்குப் பதிலாகப் பாலெட்டைச் சுற்றி வந்து எடுக்க இருபுறமும் வழி விட்டோம். தள்ளுவண்டிச் சக்கரங்களில் நூலும் பிளாஸ்டிக் நாடாவும் சுற்றிக்கொண்டால் தள்ளுவது எவ்வளவு கடினம் என்பது தள்ளுபவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சுத்தம் செய்வதை வாராந்திரப் பராமரிப்பில் சேர்த்தோம்.

இவற்றுக்குப் பிறகுதான் பயிற்சிக்கு ஒரு பொருள் வந்தது. கூட்ட அறையில் உட்காரவைத்துப் படம் காட்டுவதை நிறுத்திவிட்டு, ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் அடுக்குத் தட்டின் அருகிலேயே நின்று, அன்று வரும் சரக்கை வைத்தே பேசுகிறோம். இந்தப் பெட்டியை எடுப்பதில் எது கடினம் என்று அவர்களைத்தான் கேட்கிறோம். மேற்பார்வையாளர்களுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். இருவர் சேர்ந்து தூக்க வேண்டும் என்று காலையில் சொல்லிவிட்டு, மாலையில் லாரி காத்திருக்கிறது என்று ஒருவரை விரட்டினால், ஊழியர் மனதில் நிற்பது மாலையில் சொன்னதுதான்.

மறுமொழி 3 (அலுவலக நிர்வாகம்)

அலுவலகப் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொது விரிவுரைக்குப் பதில், ஒவ்வொருவரையும் அவரவர் நாற்காலியில் உட்காரவைத்து அதிலுள்ள நெம்புகோல்களை அவரே இயக்கும்படி செய்யுங்கள். பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தும் அவை எதற்கென்று அறியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஏறக்குறைய ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். விசைப்பலகைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தும்போது பாதம் தரையில் படாவிட்டால் காலடிப் பலகை தர வேண்டும். நாள் முழுக்க மடிக்கணினியில் வேலை செய்பவருக்குத் தனி விசைப்பலகையும் மவுஸும் இல்லாமல் எந்த அறிவுரையும் பலிக்காது, ஏனென்றால் திரையை உயர்த்தினால் கை உயர்கிறது, கையைத் தாழ்த்தினால் கழுத்து குனிகிறது. சரியான நிலையில்கூட அசையாமல் வெகுநேரம் இருப்பது நல்லதல்ல; இடையிடையே எழுந்து நடப்பது அவசியம்.

மறுமொழி 4 (மருத்துவமனையில் செவிலியர் பயிற்றுநர்)

தூக்கும் பயிற்சி முற்றிலும் வீண் என்று பொருள்படும்படி எழுதப்பட்டிருப்பதால் ஒரு சிறு மாற்றுக் கருத்து. நோயாளியைப் படுக்கையிலிருந்து மாற்ற ஏற்று இயந்திரமும் வழுக்குத் துணியும் வாங்கிய பிறகு, அவற்றைப் பயன்படுத்தக் கைப்பழக்கம் தராவிட்டால் இயந்திரம் மூலையில்தான் நிற்கும். கருவியோடு சேர்ந்த பயிற்சியையும் வெறும் அறிவுரையையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. வலி தொடங்கிய உடனே தெரிவிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னால், புகார்களின் எண்ணிக்கை கூடும். நிர்வாகம் அதைப் பயிற்சியின் தோல்வியாகப் பார்க்காதா?

மறுமொழி 1 (இயன்முறை மருத்துவர்)

தொடக்கத்தில் கூடத்தான் செய்யும்; அதை முன்கூட்டியே நிர்வாகத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். விரல் மரத்துப்போவது, ஓய்வெடுத்தும் போகாத வலி, பிடிமானம் தளர்வது ஆகியவற்றை ஊழியர் தொடக்கத்திலேயே சொன்னால், வேலையை மாற்றித் தருவதோடு பல நேரம் முடிந்துவிடும். மறைத்துவைத்தால் அது நீண்ட விடுப்பில் கொண்டுபோய் விடக்கூடும். ஆகவே புகார்களின் எண்ணிக்கையைத் தனியாகவும், இழந்த வேலை நாட்களைத் தனியாகவும் கணக்கெடுங்கள். அவற்றோடு, முழங்காலுக்குக் கீழிருந்து ஒரு ஷிப்டில் எத்தனை முறை தூக்குகிறார்கள் என்பதையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். காயக் கணக்கு மாற மாதங்கள் ஆகலாம், ஆனால் இந்த எண்ணிக்கை அடுக்கை மாற்றிய வாரத்திலேயே குறைந்திருக்கும். புகாரே வராத பிரிவுக்குப் பரிசு என்ற திட்டம் ஏதாவது உங்களிடம் இருந்தால், புதிய பயிற்சி தொடங்கும் முன் அதை நிறுத்திவிடுங்கள். அது நீடிக்கும் வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.