தங்க மணியில் சரியாக வரும் கூட்டல், ஸ்டாம்ப் கேமில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி

வணக்கம். எங்கள் மாண்டிசோரி 3–6 வயது வகுப்பில் ஐந்தரை வயதுக் குழந்தை ஒருத்தி. தங்க மணிகளில் நான்கு இலக்கக் கூட்டலைத் தவறில்லாமல் செய்கிறாள். பத்து சேர்ந்தால் வங்கிக்கு (மீதி மணிகள் வைத்திருக்கும் இடம்) போய் மாற்றிக்கொண்டும் வருகிறாள். ஸ்டாம்ப் கேம் பெட்டியை (1, 10, 100, 1000 என்று எழுதிய சிறு வில்லைகள் உள்ளது) திறந்ததும்தான் சிக்கல். 2,458 + 1,376 கொடுத்தால் வில்லைகளை எல்லாம் சரியாக எடுத்து அடுக்கிவிட்டு, விடையை 371214 என்று எழுதுகிறாள். சில நாள் பத்து ஒன்றுகளை எண்ணி ஒரு பத்து வில்லையை எடுக்கிறாள், ஆனால் அந்தப் பத்து ஒன்றுகளும் பாயிலேயே கிடக்கின்றன. ஆயிரம் வில்லைக்குப் பதில் ஒன்று வில்லையை எடுப்பதும் உண்டு.

மறுபடி தங்க மணிக்கே போகவேண்டுமா, இதிலேயே தொடரலாமா? "மேலே 1 போடு" என்று எழுத்துக் கணக்காகச் சொல்லிக்கொடுத்துவிடலாமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1

371214 என்பதை அலட்சியத்தில் வந்த தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று ஆயிரம், ஏழு நூறு, பன்னிரண்டு பத்து, பதினான்கு ஒன்று. எண்ணியது அத்தனையும் சரி. ஓர் இடத்தில் ஒன்பதுக்கு மேல் தங்க முடியாது என்பது மட்டும் வில்லைகளோடு இன்னும் ஒட்டவில்லை.

காரணம் உபகரணத்திலேயே இருக்கிறது. தங்க மணியில் ஒன்று என்பது ஒரு மணி, பத்து ஒரு கம்பி, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனம். தூக்கும்போதே கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். ஸ்டாம்ப் கேமில் 1, 10, 100, 1000 நான்குமே ஒரே அளவு வில்லை. எண்ணும் நிறமும்தான் வேறு. அதிலும் 1 பச்சை, 10 நீலம், 100 சிவப்பு, 1000 மறுபடி பச்சை. ஆயிரம் என்பது அடுத்த குடும்பத்தின், அதாவது ஆயிரங்களின், ஒன்று, அதனால் அதே பச்சை. இதைச் சொல்லாமல் விட்டால் 1-ம் 1000-மும் மாறிப்போவது இயல்புதான்.

அதற்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். கணக்கு எதுவும் வேண்டாம். பாயில் ஒரு மணி, ஒரு கம்பி, ஒரு சதுரம், ஒரு கனம் வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய வில்லையை வைத்து, "இது இதற்குப் பதில்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு மணிகளை எடுத்துவிட்டு மூன்று நிலைப் பாடம்: பெயர் சொல்வது, "நூறைக் கொடு", "இது எது?". மூன்றாம் நிலையில் தடுமாறினால் திருத்த வேண்டாம். அன்றைக்கு அத்தோடு முடித்து, வேறொரு நாள் முதலிலிருந்து காட்டுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வகுப்பில் ஆயிரம் கனங்கள் மரத்தில் செய்தவை என்றால், மணியால் கட்டிய உண்மையான கனம் ஒன்றையாவது அவள் முன்பு கையில் பிடித்திருக்க வேண்டும், பத்து நூறு சதுரங்களை அதன் அருகில் அடுக்கிப் பார்த்திருக்க வேண்டும். மரக் கனத்தின் ஆறு முகங்களிலும் முகத்துக்கு 100 வட்டங்கள் இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி எண்ணும் குழந்தை 600 என்று சொல்லும். அந்தக் குழப்பத்தோடு வில்லைக்கு வந்தால் "1000" என்பது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

பதில் 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தங்க மணிக்கு முழுதாகத் திரும்ப வேண்டியதில்லை. கூட்டலை விட்டுவிட்டு மாற்று விளையாட்டை (பத்து சேர்ந்ததும் அடுத்த இடத்தின் ஒன்றாக மாற்றுவது) மட்டும் ஸ்டாம்பில் செய்யுங்கள்.

ஒரு தட்டில் 25 ஒன்று, 17 பத்து, 12 நூறு, 2 ஆயிரம் வில்லைகளைக் கலந்து கொடுங்கள். அவள் வகை பிரித்து நான்கு நிரல்களாக மேலிருந்து கீழே அடுக்கட்டும். வில்லைக்கு வில்லை விரல் நுழையும் இடைவெளி வேண்டும். ஒட்டி அடுக்கினால் எண்ணும்போது ஒன்று தப்பும் அல்லது இருமுறை எண்ணப்படும். எண்ணுவது எப்போதும் ஒன்றுகள் நிரலிலிருந்து. ஆயிரத்திலிருந்து தொடங்கினால், ஒரு முறை சொன்ன விடையைக் கடைசியில் மாற்ற வேண்டிவரும்.

பத்து என்றதும் நிறுத்தம். அந்தப் பத்தையும் உள்ளங்கையில் அள்ளி முதலில் பெட்டிக்குள் போடவேண்டும், அதன் பிறகே ஒரு பத்து வில்லையை எடுத்துப் பத்துகள் நிரலின் அடியில் வைக்கவேண்டும். உங்கள் குழந்தை பழைய பத்தைப் பாயிலேயே விடுவது இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான். தங்க மணியில் வங்கி தள்ளி இருக்கும். கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்கி வர முடியும். ஸ்டாம்பில் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கொடுப்பது விட்டுப்போகிறது. பெட்டியைப் பாயின் மறுகோடிக்கு நகர்த்துங்கள். சின்ன விஷயம்தான், ஆனாலும் பலன் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் விடை 3,395 வரவேண்டும். நீங்கள் முன்கூட்டியே போட்டு வைத்த விடைச்சீட்டை அவளே திருப்பிப் பார்க்கட்டும், நீங்கள் "சரி", "தப்பு" சொல்லாதீர்கள்.

எழுதுவதையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. எண்ணுவது, மாற்றுவது, கட்டத்தாளில் எழுதுவது மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் முதலில் கைவிடப்படுவது மாற்றுவதுதான். விடையை எண் அட்டைகளால் வைக்கட்டும். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வலப்பக்கம் ஒட்டி அடுக்கும்போது ஓர் இடத்தில் ஓர் இலக்கம்தான் தெரியும். 12 பத்து என்று ஓர் அட்டை அந்தப் பெட்டியிலேயே கிடையாது! 371214 எழுத வழியே இல்லாமல் போகிறது. மாற்றுவது கைக்குப் பழகியபின் கட்டத்தாள் கொடுங்கள், நிரல் தலைப்பில் பச்சை, நீலம், சிவப்பு, பச்சை கோடு போட்டு.

பெற்றோருக்கு: "மேலே 1 போடு" என்பதில் அந்த 1 உண்மையில் ஒரு பத்து. பத்து பச்சை வில்லைகளைக் கொடுத்து ஒரு நீல வில்லையை வாங்கிய கைக்கு அது தெரியும். அது தெரியாமல் வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை, கழித்தலில் நடுவே பூஜ்ஜியம் வந்ததும் நின்றுவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. பெட்டியை நகர்த்துவது நினைக்கவே இல்லாத ஒன்று. கழித்தலில் பூஜ்ஜியம் என்றீர்களே, 3,002 − 1,456 போன்றதை ஸ்டாம்பில் எப்படிக் காட்டுவது? எந்தக் கட்டத்தில்?

பதில் 2

கடன் வாங்காத கழித்தல் சரளமான பிறகு, ஒரே இடத்தில் மட்டும் மாற்றம் தேவைப்படும் கணக்குகள் சில. அதன்பிறகே இது.

கழித்தலில் மேல் எண்ணை மட்டுமே வில்லைகளால் வைக்கிறோம். கீழ் எண் சீட்டில் இருக்கும். அது எவ்வளவு எடுக்கவேண்டும் என்ற கட்டளை. இரண்டையும் அடுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு, கூட்டல் பழக்கத்தால் வருவது.

3 ஆயிரம், 2 ஒன்று. நடுவில் இரண்டு நிரல்கள் காலி. அந்த இடத்தை விட்டே வைக்கவேண்டும், நெருக்கிவிடக்கூடாது. ஆறு ஒன்றுகள் எடுக்கவேண்டும், இருப்பது இரண்டு. பத்திடம் போனால் ஒன்றுமில்லை. நூறிடமும் இல்லை. இங்கே பொறுமையாக நில்லுங்கள், விரலை அந்தக் காலி இடங்களில் வைத்துக் காட்டுங்கள். பிறகு ஓர் ஆயிரத்தைப் பெட்டியில் போட்டுப் பத்து நூறு. அதில் ஒரு நூறைப் போட்டுப் பத்து பத்து. அதில் ஒரு பத்தைப் போட்டுப் பத்து ஒன்று. பாயில் இப்போது 2 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 12 ஒன்று. அந்த இரண்டு 9-ம் எங்கிருந்து வந்தன என்று எழுத்துக் கணக்கில் விளக்கிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். இங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இனி ஒன்றிலிருந்து 6, பத்திலிருந்து 5, நூறிலிருந்து 4, ஆயிரத்திலிருந்து 1 எடுத்தால் மீதி 1,546.

பதில் 3

ஒன்று சேர்க்கிறேன். காலி நிரலைக் கண்டு குழம்பும் குழந்தைக்குக் கதிர்ப் பெட்டியை (எண்ணிட்ட அறைகளில் கதிர் எனும் குச்சிகளை எண்ணிப் போடும் பெட்டி) ஒரு முறை மறுபடி கொடுத்துப் பாருங்கள். 0 முதல் 9 வரை பத்து அறைகள், மொத்தம் 45 கதிர்கள். கதிர்கள் தீரும்போது பூஜ்ஜிய அறை காலியாகவே இருக்கும். "இதில் ஒன்றுமில்லை, அதற்கும் ஒரு பெயர் உண்டு" என்பது அங்கேதான் முதலில் வருகிறது. 9 அறையில் குறைந்தால் எங்கோ அதிகம் போட்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

6 வயதுக்குப் பின் சிறிய மணிச்சட்டத்துக்கு நகரலாம். நான்கு கம்பிகள், கம்பிக்குப் பத்து மணிகள், அதே பச்சை, நீலம், சிவப்பு, பச்சை. பத்தாவது மணியை நகர்த்தியதும் அந்தக் கம்பியில் மேற்கொண்டு எண்ண மணி இருக்காது. பத்தையும் திருப்பித் தள்ளிவிட்டு அடுத்த கம்பியில் ஒன்றை நகர்த்தியே ஆகவேண்டும். ஸ்டாம்பில் குழந்தை நினைவில் வைக்கவேண்டிய விதியைச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. அதனால்தான் சிலர் அதை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். சட்டத்தில் ஒரு மணியே நூறையும் குறிக்கும், ஆயிரத்தையும் குறிக்கும், வில்லையில் இருக்கும் எண்கூட அதில் இல்லை. ஸ்டாம்பில் தடுமாறும் குழந்தைக்கு அது மேலும் ஒரு படி தூரம்.

வகுத்தலுக்கு ஸ்டாம்ப் பெட்டியில் சிறு மரப் பொம்மைகள் இருக்கும், பச்சை ஒன்றுக்கு, நீலம் பத்துக்கு, சிவப்பு நூறுக்கு. இப்போது அவற்றை எடுத்து விளையாட விடவேண்டாம். மாற்றுவது கூட்டலில் உறுதியாகி, கழித்தலும் பெருக்கலும் முடிந்த பின் அவற்றுக்கு வேலை வரும்.